சத்தமில்லாத சத்தியம்

மார்க்கையன்கோட்டை வீரணன் தன் ஆயுளில் மூன்று கொட்டகைகளை ஆண்டவன். முதலாவது மாட்டுக் கொட்டகை, அது அப்பா வைத்துவிட்டுப் போனது. இரண்டாவது அச்சுக் கொட்டகை. ராயப்பன்பட்டியில் ஒரு வேதக்கோயில் பாதர் புது மிஷின் வாங்கியபோது வேண்டாமென்று ஒதுக்கிய பழைய கை மிஷினை வண்டி கட்டிக் கொண்டுவந்து, மாடுகளை வெளியே கட்டிவிட்டு அதே இடத்தில் நிறுத்தினான். மாதம் ஒரு பத்திரிகை போட்டான். கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு மாதத்துக்குப் போதுமான அளவு செய்தி நடக்காததால், மிச்சப் பக்கத்தில் அடுத்த மாதம் நடக்கப்போவதையும் சேர்த்து அச்சடித்துவிடுவான். ஐப்பசி ஏழாம் தேதி பேய்மழை என்று அவன் போட்டதை நம்பி, சுருளிப்பட்டியில் ஒரு கல்யாணத்தையே தள்ளிவைத்தார்கள். அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. பெண்வீட்டார் கம்போடு வந்து இறங்கினார்கள்.

"பத்திரிகையில சரியாத்தான போட்டிருக்கு? மழைதான் தப்புப் பண்ணிருச்சு," என்றான் வீரணன்.

அவர்களும் யோசித்துப் பார்த்து, அது நியாயமென்று பட்டதால் மோர் குடித்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாவது, சினிமாக் கொட்டகை. வண்டியில் சுருட்டி வைத்து ஊர் ஊராகக் கொண்டுபோய் விரிக்கிற டெண்ட். அப்போது படங்களுக்கு வாய் கிடையாது. பம்பாயிலிருந்து வரும் ஊமைப் படத்தில் யாரோ யாரையோ அடிப்பார்கள், யாரோ அழுவார்கள். ஏன் என்று சொல்லத் திரைக்குப் பக்கத்தில் தகரக் குழாயோடு ஓர் ஆள் நிற்க வேண்டும். அந்த ஆள் கருத்தக்கண்ணன். வீரணனோடு ஒரே வாய்க்காலில் நீச்சல் பழகியவன்; இரண்டு பேரும் ஒருவரையொருவர் 'மாப்ள' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

கருத்தக்கண்ணனின் தொண்டை சாதாரணத் தொண்டை அல்ல. பண்ணைப்புரத்தில் ஒரு படத்தில் வீடு தீப்பிடித்ததை அவன் வர்ணித்த வர்ணிப்பில், முன்வரிசை முழுக்க எழுந்து ஓடி வாய்க்காலிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து திரையில் ஊற்றியது. கம்பத்தில் அவன் மழையைச் சொன்ன நேரத்தில், கொட்டகைக்கு வெளியே நெல் காயப்போட்டிருந்தவர்கள் அள்ளிவிட்டார்கள். ஜனங்கள் படம் பார்க்க வரவில்லை, அவனைக் கேட்கத்தான் வந்தார்கள். இது ஊருக்கெல்லாம் தெரியும். வீரணனுக்கும் தெரியும் என்றுதான் கருத்தக்கண்ணன் நினைத்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, நோட்டீஸ்ல என் பேரும் கொஞ்சம் போடு. கீழ, சின்ன எழுத்துல போட்டாலும் போதும்," என்று ஒருமுறை கேட்டான்.

"ஒனக்கெதுக்குடா நோட்டீசு? நீயே பெரிய கொழாயோடதான நிக்கிற? பேரையும் நீயே சொல்லிக்க," என்று வீரணன் சிரித்தான். கருத்தக்கண்ணனும் சிரித்தான். வீரணன் அத்தோடு அதை மறந்துவிட்டான். நோட்டீஸில் வழக்கம்போல 'வீரணன் வழங்கும்' என்று மேலே கொட்டை எழுத்தில் இருந்தது.

கொட்டகையின் மற்ற இரண்டு ஆட்கள் பங்கிராஸும் அவன் மனைவி ரோசம்மாளும். பங்கிராஸ் படமிஷினைக் கையால் சுற்றுகிறவன். ரோசம்மாளின் வேலை திரைக்குத் தண்ணீர் தெளிப்பது. திரை ஈரமாக இருந்தால்தான் படம் பின்பக்கமும் தெரியும். பின்பக்கம் உட்கார அரை டிக்கெட். அங்கே இடது வலதாகவும் வலது இடதாகவும் இருக்கும் என்பதைத் தவிர ஒரு குறையும் இல்லை. ரோசம்மாளுக்கு ஒன்பது வயதில் வந்த காய்ச்சலில் இரண்டு காதும் போய்விட்டன. எதிரே இருப்பவர் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வாள். தான் பேசுவது தனக்குக் கேட்காததால், ரகசியத்தையும் சந்தையில் கூவுவதுபோலத்தான் சொல்வாள். கருத்தக்கண்ணனின் குரல் அண்டாத ஒரே ஆள் இந்தப் பள்ளத்தாக்கில் அவள்தான்.

முப்பதாம் வருஷ வாக்கில் வீரணனுக்கு ஓர் ஆசை வந்தது. பம்பாய்க்காரன் எடுத்த படத்தை எத்தனை நாள் ஓட்டுவது? நம் வயலை, நம் ஆற்றை, நம் ஆட்களை வைத்து நாமே ஒன்று எடுத்தால் என்ன? இரண்டு போகம் விளைகிற நஞ்சை கைமாறியது. திருவனந்தபுரத்திலிருந்து ஒரு கேமராக்காரர் பெட்டியும் முக்காலியுமாகக் குமுளி மலையிறங்கி வந்தார்.

"சாப்பிட ஆளு எத்தன? அந்த மூணுகாலுக்கும் ஒரு எல போடணுமா?" என்று வீரணனின் மனைவி மூக்கம்மாள் கேட்டாள். நஞ்சையைப் பற்றி அவள் கேட்டது அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'வயக்காட்டு வழக்கு'. அண்ணனின் நிலத்தைத் தம்பி அமுக்கிக்கொள்கிறான்; பஞ்சாயத்தில், கருப்பசாமி முன்னால் சூடத்தைக் கையால் அடித்து அணைத்து, நிலம் என்னுடையது என்று பொய்ச் சத்தியம் செய்கிறான்; பிறகு பாம்பு கடித்துச் சாகிறான். அண்ணனாக நாடகக்கார சின்னச்சாமி. அவன் மனைவியாக, புடவை கட்டிய அம்மாவாசி. தம்பியாகக் கருத்தக்கண்ணன்.

எல்லாம் எடுத்தாயிற்று, சத்தியம்தான் மிச்சம். அங்கேதான் வண்டி நின்றது. கோயில் முன்னால் பொய்ச் சத்தியத்துக்கு எவனும் கை வைக்க மாட்டான். குச்சனூர்ச் சனீஸ்வரன் கோயில் பக்கம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டதற்கே, வண்டிமாடு திரும்பி நின்றுகொண்டது. சரி, பொய்க் கருப்பு ஒன்று செய்வோம் என்று வேளாரிடம் மண்சிலை சொன்னான் வீரணன். வேளார் சிலையை முடித்தார். கை சும்மா இருக்குமா? பழக்கதோஷத்தில் நல்ல நேரம் பார்த்து, சேவல் அறுத்து, கண்ணையும் திறந்துவிட்டார்.

"என்னங்க வேளாரே, படத்துக்குத்தான கேட்டேன்?"

"கண்ணில்லாம எப்பிடி அனுப்பறது? பாத பாத்து நடந்து வர வேணாமா?" என்றார் அவர்.

ஆக, பொய்க் கருப்பும் நிஜக் கருப்பு ஆகிவிட்டது. பக்கத்து வயல்காரர்கள் அன்று மாலையே மணி கட்டிவிட்டார்கள். கருத்தக்கண்ணன் அதன் முன்னால் நிற்க மாட்டேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான்.

வீரணனுக்கு அப்போதுதான் அந்த யோசனை வந்தது. அதற்காக அவன் தன்னையே முதுகில் தட்டிக்கொண்டான்.

"ஏலே, இது ஊமைப் படம். நீ என்ன சொல்றேன்னு எவனுக்குக் கேக்கப் போகுது? உண்மையச் சொல்லியே சூடத்த அடி. சூரியன் கெழக்க உதிக்கும்னு சத்தியம் பண்ணு. பொய்ய அப்பறம் கொட்டகையில கொழாயில சொல்லிக்கிருவம். அங்கன கருப்பு இருக்காது."

கருத்தக்கண்ணன் அவனையே வெகுநேரம் பார்த்தான். "உண்மையச் சொன்னாப் போதுமா, மாப்ள?"

"உண்மைய மட்டும் சொல்லு."

சூடம் ஏற்றினார்கள். வீரணன்தான் ஏற்றினான். கருத்தக்கண்ணன் கருப்பின் முழித்த கண்ணைப் பார்த்துக்கொண்டு வாயைத் திறந்தான், மூடினான். மறுபடி திறந்தபோது கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. கேமரா கிர்ரென்று சுற்றிய சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சூரியன் கிழக்கே உதிப்பதற்காக ஒருத்தன் இப்படி அழுது இதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. வீரணனுக்கு மயிர்க்கால் நட்டுக்கொண்டது. கேமராக்காரரின் முதுகைப் பிடித்துத் தள்ளி, "கிட்டப் போங்க, இன்னும் கிட்ட, மூஞ்சி மட்டும்," என்று கத்தினான். கருத்தக்கண்ணன் கையை ஓங்கிச் சூடத்தை அடித்தான்.

படச்சுருள் சென்னைக்குப் போய்க் கழுவப்பட்டு, ஒரே ஒரு பிரதியாக, ஒரு புதன்கிழமை ரயிலில் தேனி வந்து இறங்கியது. வெள்ளிக்கிழமை சின்னமனூரில் முதல் காட்சி என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தாயிற்று. புதன் மாலை, விளக்கு வைக்கிற நேரம், தங்களுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். பங்கிராஸ் சுற்றினான். கருத்தக்கண்ணன் திரைக்கு முன்னால் நின்று குழாயில் கதை சொல்லிப் பழகினான். 'வீரணன் வழங்கும்' என்ற எழுத்து திரை முழுக்க எழுந்தபோது, வீரணன் தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டான். இந்தப் பள்ளத்தாக்கில் முதல் படம். முதல் பெயர்.

அண்ணனும் அவன் மனைவியும் நிலத்தை இழந்து பிரிகிற கட்டம். கருத்தக்கண்ணனின் குரலைக் கேட்டால் கல்லும் மூக்கைச் சிந்தும். அந்த நேரத்தில் திரைக்குப் பின்னாலிருந்து கெக்கெக்கே என்று சிரிப்புச் சத்தம்.

வீரணன் சுற்றிக்கொண்டு ஓடினான். ரோசம்மாள் தண்ணீர்ச் செம்போடு உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரோசம்மா, என்ன சிரிப்பு?"

"பம்பாய்க்காரக பேசுறது எனக்குப் புரியாது மொதலாளி. இவுக நம்ம ஆளுகல்ல? அவரு என்ன சொல்றாருன்னு பாருங்க. 'ஏலே அம்மாவாசி, மொகத்தச் சரியாச் செரைக்கலையா, குத்துதுடா'ங்கிறாரு. அதுக்கு அந்தம்மா, 'நீ தின்ன கருவாட்டு நாத்தத்துக்கு என் தாடி எவ்வளவோ தேவல'ங்கிறா."

வீரணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவள் பக்கத்தில் குந்திக்கொண்டான். முன்பக்கம் கருத்தக்கண்ணன், "ஐயோ, என் கண்ணே, இனி எப்பிறவியில் காண்பேன்!" என்று உருக, பின்பக்கம் ரோசம்மாள், "கால்ல முள்ளு குத்திருச்சு, சீக்கிரம் எடுக்கச் சொல்லு," என்று உரக்கச் சொல்ல, ஒரே படம் இரண்டு படமாக ஓடியது. பாதி கைதட்டலாவது இதற்கே கிடைக்கும் என்று வீரணனுக்குத் தோன்றியது.

சத்தியம் வந்தது. கருத்தக்கண்ணனின் முகம் திரையை நிறைத்தது. ஒவ்வொரு உதடும் வாழையிலை அகலம்.

"இப்ப சூரியன் கெழக்க உதிக்கும்பான் பாரு," என்றான் வீரணன், அவளுக்குத் தெரியும்படி முகத்தைத் திருப்பி.

ரோசம்மாள் சிரிக்கவில்லை. செம்பைக் கீழே வைத்தாள்.

"என்ன சொல்றான்?"

அவள் வீரணனைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு, ஏற்ற இறக்கமில்லாத அந்தச் சந்தைக் குரலில் சொன்னாள்.

"'கருப்பே, சத்தியமாச் சொல்றேன். படம் வந்து எறங்குன மூணாம் நாளு, பெட்டியத் தூக்கிக்கிட்டு போடி வைகுண்டராஜ் கொட்டகைக்குப் போறேன். அங்கன என் பேரப் போடுறேன்னு சொல்லிட்டாக. இது உண்மை, உண்மை, உண்மை.'"

வைகுண்டராஜ் போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருப்பவர். அங்கே நிரந்தரக் கொட்டகை போட்டு, வீரணனின் டெண்ட் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டவர்.

முன்பக்கம் குழாய்க் குரல் நின்றுவிட்டது. பங்கிராஸின் கையும் நின்றது. ஈரத் துணிக்கு இந்தப்பக்கம் வீரணன், அந்தப்பக்கம் கருத்தக்கண்ணன்.

"மாப்ள," என்றான் வீரணன் திரையைப் பார்த்து, "சூரியனைத்தானடா சொல்லச் சொன்னேன்?"

"கருப்பு முழிச்சுப் பாக்குது மாப்ள. நெஞ்சுல இத வச்சுக்கிட்டுச் சூரியன்னு சொல்ல நாக்கு பெரளல. நீதான் உண்மைய மட்டும் சொல்லுன்ன."

"எப்ப பேசுன அவருகிட்ட?"

"அதுக்கு மொத வாரம். பேசத்தான் பேசுனேன், போவேனோ மாட்டேனோன்னுதான் இருந்தேன். சூடத்த அடிச்சதுக்கப்பறம் போகாம இருக்க முடியாதுல்ல?"

"பேருக்காகவாடா?"

"பதிமூணு வருசம் மாப்ள. எங்க ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதுவே ஒன் பேர மட்டும் எழுத்து எழுத்தாத் தடவிக் காட்டும்."

பங்கிராஸ் மிஷினை விட்டு இறங்கி வந்தான். "பெட்டிய எங்க ஊர் கோயில்ல ஒளிச்சிருவோம் மொதலாளி. மாதா பாத்துக்கிருவாக."

அவனுக்கு அது சுலபம், அவன் வேதக்காரன். வீரணனால் அது முடியாது. சத்தியத்தை மீறினவனைக் கருப்பு கேட்கும், மீற வைத்தவனையும் கேட்கும். அந்தச் சூடத்தை ஏற்றிய கையே அவன் கைதான். போலீசுக்குப் போகலாமா என்று வியாழக்கிழமை முழுக்க யோசித்தான். சாமி முன்னால் செய்த சத்தியத்தை ஒருத்தன் நிறைவேற்றப்போகிறான் என்று எந்த ஸ்டேஷனில் பிராது கொடுப்பது?

வெள்ளிக்கிழமை காலை கருத்தக்கண்ணன் வண்டியோடு வந்தான். சுருள் பெட்டி இரண்டு ஆள் கனம். அவன் பெட்டியின் ஒரு பக்கக் காதைப் பிடித்து இழுத்துப் பார்த்துவிட்டு நின்றான். பங்கிராஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசியில் வீரணன் போய் மற்றக் காதைப் பிடித்தான். இருவருமாகத் தூக்கி வண்டியில் வைத்தார்கள். பெட்டி அடியில் வீரணனின் விரல் நசுங்கியது. "பாத்து மாப்ள," என்றான் கருத்தக்கண்ணன், பழக்கத்தில்.

அன்று மாலை நோட்டீஸை நம்பி வந்த கூட்டத்துக்கு, வீரணன் வெறும் வெள்ளைத் திரையில் வெளிச்சத்தை மட்டும் விட்டு ஒரு மணி நேரம் காட்டினான். பாதிப் பேர் நன்றாக இருந்தது என்றார்கள். மீதிப் பேருக்கு முடிவுதான் பிடிக்கவில்லை.

பத்து நாள் அவன் வீட்டை விட்டு இறங்கவில்லை. பதினோராம் நாள் மூக்கம்மாள் சட்டையை எடுத்து முன்னால் போட்டாள். "நஞ்சைய வித்து எடுத்தது. ஒரு தடவ பாத்துட்டாச்சும் வாங்க."

பங்கிராஸையும் ரோசம்மாளையும் கூட்டிக்கொண்டு போடிக்கு ரயிலேறினான். ஸ்டேஷனிலிருந்து கொட்டகை வரைக்கும் சுவரெல்லாம் நோட்டீஸ். 'கதை விளக்கம்: கருத்தக்கண்ணன்' என்று முட்டை முட்டையான எழுத்து. ஒன்றின் முன்னால் வீரணன் நின்றான். அச்சு சுத்தமாக இருந்தது. அவன் மிஷினில் அந்த அளவு எழுத்தே கிடையாது. இருந்தால் போட்டிருப்போமா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, பதில் சொல்லாமல் நடந்தான்.

மூவரும் அரை டிக்கெட்டில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். முதலில் வரும் எழுத்து பின்பக்கத்திலிருந்து திரும்பித் தெரிந்தது. ஒரு நிமிஷம் அது தன் பெயராகவும் இருக்கலாம் என்று வீரணன் பார்த்துக்கொண்டிருந்தான். 'வழங்கும்' என்பதற்கு முன்னால் இருந்த எழுத்துகளை எண்ணினான். அதிகமாக இருந்தது.

குரல் எழும்பியது. என்ன குரல்! பிரிகிற கட்டத்தில் போடியே விசும்பியது. வீரணனும் விசும்பினான், கருவாட்டை மறந்து.

சத்தியம் வந்தது. அந்தப் பெரிய முகம் வாயைத் திறந்தது. குழாய்க் குரல் நின்றது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. 'நிலம் என்னுடையது' என்று சொல்ல வேண்டிய இடம். முன்பக்கத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. திரையில் அவனுடைய உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. தினமும் இந்த இடத்தில் அவன் இப்படித்தான் நின்றுபோகிறான் என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார். "இந்த எடந்தாங்க படத்துலயே உசத்தி."

அவன் நின்றது ரோசம்மாளுக்கு எப்படித் தெரியும்? மொதலாளிக்கு உதட்டுப் பேச்சைச் சொல்வது அவளுடைய வேலை. சொன்னாள்.

"'கருப்பே, சத்தியமாச் சொல்றேன்...'"

வீரணன் அவள் வாயைப் பொத்தக் கையைத் தூக்கினான். நசுங்கிய விரல் இன்னும் கறுத்திருந்தது. கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டான்.

நிசப்தமான கொட்டகையில், திரைக்குள்ளிருந்து வந்ததுபோல அந்தக் குரல் கடைசி 'உண்மை' வரைக்கும் போனது. பிறகு யாரோ அலறினார்கள்: "ஏ, படம் பேசுதுடா!"

கொட்டகை இரண்டுபட்டது. ஆணின் வாயிலிருந்து பெண்குரல் வந்ததைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. அது கருப்பின் அருள் என்று எடுத்துக்கொண்டார்கள். சொன்னது என்னவென்றும் யாரும் கவனிக்கவில்லை. பேசியதே போதுமாக இருந்தது.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வரும்போது சுவர்களில் புது நோட்டீஸ், பசை காயாமல். 'பேசும் படம்! வைகுண்டராஜ் வழங்கும்!' கீழே வேறு பெயர் எதுவும் இல்லை. பேசும் படத்துக்குக் கதை விளக்கம் எதற்கு? அன்று மாலை படம் ஏன் பேசவில்லை என்று போடிக்காரர்கள் கொட்டகையின் நாலு மூங்கிலை உருவியது பிறகு நடந்த சங்கதி.

பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் கருத்தக்கண்ணன் உட்கார்ந்திருந்தான். மடியில் தகரக் குழாய். ரயில் வந்ததும், வேறு பெட்டிகள் காலியாக இருந்தும், அவர்கள் ஏறிய பெட்டியிலேயே ஏறி எதிரே உட்கார்ந்தான். வீரணன் அவனைப் பார்க்காமல் பார்த்தான். பதிமூன்று வருஷக் குரல் ஒரே ராத்திரியில் எங்கோ போய்விட்டதுபோலத் தொண்டையைத் தடவிக்கொண்டிருந்தான்.

மேற்கு மலை பின்னால் போக ஆரம்பித்தபோது, கருத்தக்கண்ணன் வீரணனை நேராகப் பார்த்து வாயைத் திறந்தான். உதடு அசைந்தது. நீளமாக ஏதோ சொன்னான். ரயில் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கேட்கும்படி சொல்ல அவன் முயன்றதாகவும் தெரியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது, அன்று கருப்பின் முன்னால் இறங்கியதுபோலவே. அன்றும் அது நடிப்பில்லை என்பது வீரணனுக்கு இப்போதுதான் உறைத்தது.

அவன் ரோசம்மாளின் முழங்கையைத் தொட்டான். "என்ன சொல்றான்?"

ரோசம்மாள் இவ்வளவு நேரமும் எதிரே இருந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வீரணனின் உதட்டை ஒருமுறை பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி, பெட்டி முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"நான் அந்தப் பக்கம் பாக்கல, மொதலாளி."